குப்பை தூக்குகிறவரின் முதுகு

(மாட்டுங்காவில் தமிழ் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உழைப்பும் உடல்நலமும் என்று பொதுவாகப் பேசச் சொன்னார்கள். கடல் போன்ற தலைப்பு அது. அதிலிருந்து ஒரே ஒரு தொழிலை எடுத்துக்கொள்கிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தோளைத் தாங்கிக்கொண்டு வருகிறவர்களோடுதான் என் பகல் பொழுது போகிறது. கணினி முன் உட்கார்ந்து கழுத்து பிடித்தவர் வருவார், முழங்கால் தேய்ந்த பாட்டி வருவார். நம் தெருவின் குப்பையைத் தூக்குகிற மனிதர் மட்டும் வரமாட்டார். வந்தாலும் மிகத் தாமதமாக, கால் மரத்துப்போன பிறகு வருவார். அவர் ஏன் முன்பே வருவதில்லை என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடம் மாநகராட்சிக் கணக்கில் எஃப் நார்த் வார்டு. தாராவி ஜி நார்த். செம்பூர் எம் வெஸ்ட். செம்பூரைத் தாண்டினால் தேவ்னார் குப்பை மலை. மாட்டுங்கா, தாராவி, செம்பூர் மூன்றிலும் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறோம். நாம் தினமும் ஏறும் ஹார்பர் லைனில் குர்லாவிலிருந்து செம்பூர் போகும் பாதை முதலில் குப்பை ரயிலுக்காகப் போடப்பட்டது. பயணிகளை அதில் ஏற்றியது பிறகு, 1924இல்தான். ஊரை நோய் பிடிக்காமல் காப்பாற்ற வேண்டுமானால் குப்பையை ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று பிளேக் காலத்தில் இந்த நகரம் பயந்து கற்றுக்கொண்டது. குப்பை போகும் பாதையைப் பற்றி அன்றுமுதல் எவ்வளவோ திட்டம் போட்டார்கள். அதை வண்டியில் ஏற்றும் கையைப் பற்றி யோசித்தது குறைவு.

மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் காலையில் போனால் பார்க்கலாம். பூக்கடைகளில் மிஞ்சிய வாடிய பூ, கோயில் மாலைகள், ஓட்டல்களில் இருந்து வாழை இலை, தேங்காய் மூடி, சாம்பார் வடிந்த காய்கறி. நம் ஊர்க் குப்பையில் பாதிக்கு மேல் ஈரம். மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்கும் நாட்களில் அதே குப்பை தண்ணீரைக் குடித்து இன்னும் கனக்கும். ஈரக் குப்பை நிரம்பிய 120 லிட்டர் டப்பா 40 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும்.

லோடர் ஒருவர் அதை ஏற்றுவதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். டப்பா கேட்டுக்கு உள்ளே, ஒரு படிக்கட்டுக்கு மேலே இருக்கும். சக்கரம் உடைந்திருக்கும். அவர் அதை ஒரு பக்கம் சாய்த்து, விளிம்பைப் பிடித்து, படியில் தடதடவென்று இறக்குவார். வண்டியின் பின்புறம் வந்ததும் இருவர் சேர்ந்து அடியில் கை கொடுப்பார்கள். கைப்பிடி வழுவழுப்பாக இருக்கும், கையுறை இருந்தால் அது கிழிந்திருக்கும். சட்டையில் அழுக்குத் தண்ணீர் சொட்டக் கூடாது என்று டப்பாவை உடம்பிலிருந்து விலக்கிப் பிடிப்பார்கள். தரையிலிருந்து மார்பு உயரத்துக்குத் தூக்கி, இடுப்பைத் திருப்பி, உள்ளே கவிழ்த்து, இரண்டு தட்டுத் தட்டி, காலி டப்பாவோடு திரும்புவார்கள். எல்லாம் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அடுத்த கட்டிடத்தில் மறுபடியும் முதலிலிருந்து.

இந்த அரை நிமிடத்தில் முதுகுக்குள் என்ன நடக்கிறது? ஸ்வீடனில் ஆல்ஃப் நாக்கெம்சன் என்ற எலும்பு மருத்துவர் 1960களில் ஒரு துணிச்சலான ஆராய்ச்சி செய்தார். உயிருள்ள மனிதர்களின் முதுகெலும்புக்கு நடுவே இருக்கும் வட்டுக்குள் ஊசியைச் செலுத்தி, எந்த நிலையில் எவ்வளவு அழுத்தம் என்று அளந்தார். நேராக நிற்கும்போது உள்ள அழுத்தத்தை 100 என்று வைத்துக்கொண்டால், மல்லாந்து படுத்தால் 25. முன்னால் குனிந்தால் 150. குனிந்து கையில் எடையும் பிடித்தால் 220. உடம்பைத் திருகினால் நிலைமை இன்னும் மோசம். வட்டின் வெளிச்சுவர் நார்களால் ஆனது. குனிவது, தூக்குவது, திருகுவது மூன்றும் ஒரே நேரத்தில் சேரும்போதுதான் அந்த நார்கள் விட்டுக்கொடுக்கின்றன. ஒரே நாளில் கிழிவது அபூர்வம். கொஞ்சம் கொஞ்சமாக நைந்து, ஒருநாள் காலையில் ஷூவின் நாடாவைக் கட்டக் குனியும்போது பிடித்துக்கொள்ளும். வீட்டில் குனிந்தபோது வந்த வலிதானே, வேலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பிறகு கேட்பார்கள்.

இன்னொரு கணக்கு. அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ், 1991இல் திருத்திய ஒரு சூத்திரத்தை வைத்திருக்கிறது. உடம்பை ஒட்டிப் பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து, திருகாமல், நல்ல கைப்பிடியோடு, எப்போதாவது ஒருமுறை தூக்கினால் 23 கிலோ வரை பெரும்பாலோருக்குப் பாதுகாப்பு என்பது அதன் தொடக்கம். ஒவ்வொரு நிபந்தனை தவறும்போதும் இந்த எடை குறைந்துகொண்டே வரும். எடையை உடம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளிப் பிடித்தால் நேர்பாதியாகிவிடும். தரையிலிருந்து தூக்கினால், 45 டிகிரி திரும்பினால், கைப்பிடி சரியில்லையென்றால், மார்புவரை உயர்த்தினால் என்று நம் மாட்டுங்கா டப்பாவுக்கு நானே உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தேன். 6 கிலோவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நிமிடத்துக்கு எத்தனை முறை, நாளுக்கு எத்தனை மணி நேரம் என்ற கணக்கை இன்னும் சேர்க்கவில்லை. இருவர் பகிர்ந்து தூக்கினாலும் ஆளுக்கு 20 கிலோ.

இதெல்லாம் காகிதக் கணக்கு என்று யாராவது சொல்லலாம். நம் ஊரிலேயே நடந்த ஆய்வு இருக்கிறது. தேவ்னாரில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பிரதீப் சால்வே, பிரவீன் சோகந்த்ரே, தனஞ்ஜய் பன்சோட் மூவரும் மும்பை மாநகராட்சியின் குப்பை லோடர்கள் 180 பேரையும், ஒப்பிட்டுப் பார்க்க வேறு தொழில் செய்யும் 180 பேரையும் நேரில் சந்தித்து விசாரித்தார்கள். கட்டுரை 2017இல் வெளிவந்தது. கடந்த 12 மாதங்களில் உடம்பில் எங்கெங்கே வலித்தது என்பதுதான் அடிப்படையான கேள்வி. விடை தெளிவாக வந்தது: கீழ்முதுகு, இடுப்பு, தொடை, மேல்முதுகு, தோள் ஆகிய இடங்களில் லோடர்களுக்கு வலி கூடுதல். ஓர் உடம்பு எங்கே வளைகிறது, எங்கே திரும்புகிறது என்று வரைந்து காட்டச் சொன்னால் இதே இடங்களைத்தான் நான் குறிப்பேன்.

இதுவரை எடையைப் பற்றிப் பேசினேன். எடை மட்டுமே காரணம் என்றால் தீர்வு சுலபம்: சக்கரம் வாங்கு, லிஃப்ட் வை, முடிந்தது. ஆனால் ஒரே எடையைத் தூக்கும் இருவரில் ஒருவருக்கு வலி ஆறிவிடுகிறது, இன்னொருவருக்கு ஆறுவதில்லை. 1979இல் ராபர்ட் காரசெக் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். வேலை கடினமாக இருப்பது மட்டுமே மனிதனை நொறுக்குவதில்லை. கடினமான வேலையை எப்படிச் செய்வது, எப்போது நிறுத்துவது என்பதில் அவனுக்குச் சொல்லே இல்லாமல் போகும்போதுதான் அவன் உடைகிறான் என்றார். ஜெர்மனியில் பணியாற்றிய ஸீக்ரிஸ்ட் என்ற ஆய்வாளர் 1990களில் இதற்கு இன்னொரு பக்கம் சேர்த்தார். கொடுக்கும் உழைப்புக்கும் கிடைக்கும் கூலி, மரியாதை, வேலை உறுதி இவற்றுக்கும் இடையே உள்ள பள்ளம் எவ்வளவு ஆழமோ, நோயும் அவ்வளவு.

மன அழுத்தம் தசையில் எப்படி இறங்குகிறது என்பதில் மாயம் ஒன்றுமில்லை. பதற்றத்தில் இருக்கிறவரின் கழுத்தும் தோளும், எதையும் தூக்காத நேரத்திலும் இறுகியே இருக்கின்றன. இறுகிய தசைக்கு ரத்தம் சரியாகப் போவதில்லை. தூக்கம் குறைகிறது, தூக்கத்தில் நடக்க வேண்டிய பழுதுபார்ப்பு நடப்பதில்லை. வலியைத் தணிக்க மூளை தானாக அனுப்பும் தடுப்பும் நாளடைவில் பலவீனமாகிறது. முன்பு சுளுக்காகப் போயிருக்க வேண்டியது இப்போது நிரந்தரக் குடைச்சலாகிறது. நாளைக்கு வேலை உண்டா என்ற பயத்துடன் 20 கிலோ தூக்குகிறவரின் முதுகு, அந்தப் பயம் இல்லாமல் தூக்குகிறவரின் முதுகைவிட அதிகம் தூக்குகிறது. இதை நான் உருவகமாகச் சொல்லவில்லை. தசை அப்படித்தான் வேலை செய்கிறது.

அந்தப் பயம் இந்த நகரத்தில் எப்படி உருவானது என்று பாருங்கள். ஒரே தெருவில் ஒரே வேலை செய்யும் இருவரில் ஒருவர் நிரந்தர ஊழியர், மற்றவர் ஒப்பந்தக்காரரின் ஆள். பணியாளர்கள் கூடும் சௌக்கியில் காலையில் ஹாஜரி, அதாவது வருகைப்பதிவு, போடும்போதே அந்த வித்தியாசம் தெரியும். மேற்பார்வையாளரான முக்காதம் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், மற்றவரை விரலால். ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவருக்குத் தொழில் தகராறு சட்டத்தில் சில பாதுகாப்புகள் இருந்தன. அந்த எண்ணைத் தொடவிடாமல் ஒப்பந்தத்தை முன்பே முடித்துப் புது ஒப்பந்தம் போடுவது நாடெங்கும் பழகிப்போன வழி. மும்பையில் இன்னொரு வழியும் இருந்தது. தொழிலாளியைத் தொண்டர் என்று எழுதி, கூலியை மதிப்பூதியம் என்று எழுதினால், தொழிலாளர் சட்டமே கிட்டே வராது என்று நினைத்தார்கள்.

குப்பைப் பணியாளர்களின் கச்ரா வாஹதுக் ஷ்ரமிக் சங்கம் மிலிந்த் ரானடே தலைமையில் இதை எதிர்த்து நீதிமன்றப் படியேறியது. தொழில் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் என்று போய், கடைசியில் 2017 ஏப்ரல் 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 2,700 ஒப்பந்தத் தொழிலாளர்களை நிரந்தரமாக்கும் உத்தரவை உறுதிசெய்தது. பெரிய வெற்றி. ஆனால் அதற்குப் பிறகும் பலர் காத்திருந்தார்கள். ஒரு தாளில் பெயர் ஒருவிதமாகவும் இன்னொரு தாளில் வேறுவிதமாகவும் எழுதியிருந்ததுதான் காரணம். எழுதியது யார்? மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். காத்திருந்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சென்னையில் 2025 ஆகஸ்டில் நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணி தனியாரிடம் போனபோது, தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்தியது. அவர்கள் கேட்டது வேலை உறுதி. மருத்துவம் பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அது உடல்நலக் கோரிக்கையும்தான்.

இந்த இடத்தில் கலிஃபோர்னியாவின் ஒரு கதையைச் சொல்ல ஆசைப்படுகிறேன். அங்கே கீரை, சர்க்கரை பீட்ரூட் வயல்களில் மெக்சிகோவிலிருந்து வந்த கூலிகளுக்குக் குட்டைக் கைப்பிடி வைத்த களைக்கொட்டுதான் கொடுப்பார்கள். ஓர் அடி நீளத்துக்குச் சற்று மேல். அதை வைத்துக்கொண்டு நிமிர முடியாது, நாள் முழுக்க இரண்டாக மடிந்தே நடக்க வேண்டும். நீளக் கைப்பிடி வைத்தால் செடி சேதமாகும் என்று பண்ணைக்காரர்கள் வாதாடினார்கள். உண்மையில் இன்னொரு வசதியும் இருந்தது. எல்லோரும் குனிந்திருக்கும் வயலில் நிமிர்ந்து நிற்கிறவன் யார் என்று மேஸ்திரிக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். விவசாயத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸே இந்தக் கருவியால் முதுகு வலியோடு வாழ்ந்தவர். வழக்கு நடந்தது, மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள், 1975இல் அந்தக் கருவி தடை செய்யப்பட்டது. கீரை அதற்குப் பிறகும் நன்றாகவே விளைந்தது. ஒரு கைப்பிடி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதில் எத்தனை முதுகுகளின் கதி அடங்கியிருக்கிறது பாருங்கள்.

தாராவிக்கு வருவோம். நம் தாத்தாக்கள் திருநெல்வேலியிலிருந்து வந்து தோல் பதனிட்ட ஊர். 90 அடி ரோட்டுக்கு வண்டி வரும்; உள்ளே சந்துகளில் வராது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து. அங்கே குப்பை தலையில் போகும், தோளில் போகும், கைவண்டியில் போகும். சாக்கடை ஓரத்தில் அள்ளிய சகதி கமேலா என்ற சட்டியில் போகும். சகதி குப்பையைவிட இன்னும் கனம். துடைப்பம் பிடிக்கும் பெண்களின் நிலை இன்னொன்று. பணி நேரத்தில் போக நல்ல கழிப்பறை கிடையாது என்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். மே மாத வெயிலில் தண்ணீர் இல்லாத தசை பிடித்துக்கொள்ளும். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது என்று வருகிற அம்மாவிடம் நான் முதலில் கேட்பது, இன்று எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தீர்கள் என்பதைத்தான்.

இவ்வளவு வலியோடு இருக்கிறவர் ஏன் சொல்வதில்லை? மகாராஷ்டிரத்தில் லாட்-பாகே குழுவின் பரிந்துரைப்படி தூய்மைப் பணியாளரின் வாரிசுக்கு அந்த வேலை கிடைக்கும். நல்ல ஏற்பாடு என்று தோன்றும், பல குடும்பங்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. மாநகராட்சிக் குடியிருப்பும் வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆகவே நாற்பது வயதுக்காரர், மகன் பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை எப்படியாவது ஓட்ட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொள்கிறார். பிறகு மகன் படிப்பை நிறுத்திவிட்டு அதே சௌக்கியில் ஹாஜரி போடுகிறான். ஒரே வீட்டில் அடுத்தடுத்த தலைமுறையின் முதுகுகள் ஒரே இடத்தில் நோகின்றன.

பல்லைக் கடிக்க உதவுவது மாத்திரை. மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே டைக்ளோஃபெனாக் கிடைக்கும். வெறும் வயிற்றில் ஒன்று போட்டுக்கொண்டு வண்டி ஏறுவார்கள். வலி அடங்கும், வலிக்கக் காரணமான நார் நைந்துகொண்டே இருக்கும். வயிறு புண்ணாகும். தண்ணீர் குறைவாகக் குடிக்கிற உடம்பில் ஆண்டுக்கணக்கில் இந்த மாத்திரை போனால் சிறுநீரகம் தாங்காது. சிலருக்கு மாலையில் சாராயம் சேர்ந்துகொள்கிறது. அதை மட்டும் பார்த்துவிட்டு, குடிக்கிறான் அதனால் உடம்பு கெட்டது என்று சொல்வோர் உண்டு. அந்த முகச்சுளிப்பை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தூங்குவதற்கு வேறு மருந்து யாரும் எழுதிக் கொடுக்காதவரின் மருந்து அது.

சட்டமும் துணைக்கு வருவதில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தொழில்நோய்களைப் பட்டியலிட்டது. ஈய நஞ்சு, சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய், இரைச்சலால் போகும் காது எல்லாம் அதில் இருந்தன. தூக்கித் தூக்கி நைந்த முதுகு இடம்பெறவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தன் பட்டியலில் தசை எலும்பு நோய்களைத் தனிப் பிரிவாகவே வைத்திருக்கிறது. நம் சட்டத்தின் பட்டியலில் இல்லாத நோய்க்கு நஷ்டஈடு கிடைப்பது கடினம், கணக்கும் கிடையாது. கணக்கில் வராததற்கு பட்ஜெட்டில் பணம் ஒதுக்குவார்களா?

போராடாமல் எதுவும் கிடைத்ததில்லை என்பதற்கு இந்த மண்ணே சாட்சி. பம்பாய் முனிசிபல் காம்கார் சங்கத்தை டாக்டர் அம்பேத்கர் 1930களில் தொடங்கியது இதே தொழிலாளர்களுக்காகத்தான். இங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில் மாட்டுங்கா லேபர் கேம்ப் இருக்கிறது. மராத்தி தலித் இலக்கியத்தின் பெரிய எழுத்தாளர் பாபுராவ் பாகுல் அங்கே வளர்ந்தவர். அவர்களெல்லாம் கேட்ட கண்ணியத்தில் முதுகின் நலமும் அடக்கம் என்று நான் எண்ணுகிறேன்.

என்ன செய்யலாம்? மாநகராட்சி செய்ய வேண்டியவை தெரிந்தவைதான். சக்கர டப்பாவைத் தானே பற்றித் தூக்கும் இயந்திரக் கை வண்டியிலேயே இருக்க வேண்டும். ஐரோப்பாவின் பல நகரங்களில் மனிதர் தூக்குவதைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. வண்டிக்குப் போதிய ஆட்கள் வேண்டும். ஒருவர் வராத நாளில் அவர் பங்கு மற்றவர் முதுகில் ஏறக் கூடாது. ஒவ்வொரு சௌக்கியிலும் கழிப்பறை, குடிநீர், கால் நீட்ட ஓர் இடம். ஆண்டுக்கு ஒருமுறை ரத்தமும் எக்ஸ்ரேயும் எடுப்பதோடு நிற்காமல், மனித உருவம் வரைந்த ஒரு தாளைக் கொடுத்து எங்கே வலிக்கிறது என்று கேட்க வேண்டும். நார்டிக் நாடுகளில் 1987இல் உருவாக்கிய அந்தக் கேள்வித்தாளுக்குப் பத்து நிமிடம் போதும். வலிக்கிறது என்று சொன்னவருக்குச் சம்பளம் குறையாமல் சில வாரம் இலகுவான வேலை கொடுக்கும் உத்தரவாதம் அதோடு சேர வேண்டும். இந்த உத்தரவாதம் இல்லாவிட்டால் ஒருவரும் உண்மையை எழுத மாட்டார்கள், தாள் வெறும் தாளாகவே கிடக்கும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இதே உரிமை வேண்டும், ஏனென்றால் டப்பாவின் எடை ஒப்பந்தத்தைப் பார்த்துக் குறைவதில்லை.

இனி நம் கட்டிடங்கள். இந்த அரங்கில் பாதிப் பேர் ஏதோ ஒரு ஹவுசிங் சொசைட்டியின் கமிட்டியில் இருப்பீர்கள். ஈரக் குப்பையை 120 லிட்டர் டப்பாவில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், இன்னொரு டப்பா வாங்குங்கள். உடைந்த சக்கரத்தை மாற்றுங்கள். கேட்டருகே படி இருந்தால் ஒரு சிமென்ட் சரிவு போடுங்கள். டைல்ஸ் மாற்றும்போது உடைத்த கல்லையும் மணலையும் தயவுசெய்து குப்பை டப்பாவில் ஒளித்து வைக்காதீர்கள். மேலே வாழை இலை, அடியில் செங்கல் என்று தெரியாமல் இழுத்த தோள்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் ஒரு குடிநீர்க் குழாயும், வருகிற பெண்களுக்குக் கீழ்த்தளக் கழிப்பறையின் சாவியும் இருக்கட்டும். அடுத்த பொதுக்குழுவில் இவற்றைத் தீர்மானமாக எழுதி நிறைவேற்றுங்கள். எழுதும் முன் காலையில் வருகிற அந்த இருவரையும் கூப்பிட்டு, டப்பா எங்கே இருந்தால் உங்களுக்கு வசதி என்று கேளுங்கள். அதை முடிவு செய்யத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.